மனச்சுமையும் எழுதுகோலும்

உடலில் தோன்றும் நோயைத் தீர்க்க மருத்துவர் வேண்டும், மருந்தும் வேண்டும். இவ்விரண்டும் இருந்தால் போதுமா? போதா. மருந்தைக் காலந்தவறாமல் கொடுக்கவும், புண்ணைக் கழுவிக் கட்டவும், இரவெல்லாம் விழித்திருந்து காக்கவும் ஒருவர் அருகில் இருத்தல் வேண்டும். இதனை நன்கு உணர்ந்தவர் திருவள்ளுவர். ஆதலால்தான் அவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்தார். நோயாளி, மருத்துவர், மருந்து என்னும் மூன்றோடு, அருகிலிருந்து பணி புரிபவரையும் ஒரு கூறாக வைத்தார். அத்தகைய பணியாளர்க்கு வேண்டும் பண்புகளை விளக்க வந்த உரையாசிரியர் பரிமேலழகர், நோயாளியிடம் அன்புடைமையையும் அவற்றுள் ஒன்றாக எண்ணினார்.

அன்பில்லாதவர் நல்ல செவிலியர் ஆகார். ஆனால், அன்புடையவர்க்கே துன்பமும் மிகுதி. பிறர் நோவைக் கண்டு இரங்கும் உள்ளம் அந்நோவில் ஒரு பங்கைத் தானும் சுமக்கின்றது. நோயாளியின் காய்ச்சல் தணிந்தால் மருத்துவமனைக் குறிப்பேட்டில் அது பதிவாகின்றது. செவிலியின் மனத்தில் ஏறிய சுமையைப் பதியும் குறிப்பேடு ஏதும் இல்லை. அச்சுமையை எங்கே இறக்கி வைப்பது? எவ்வாறு இறக்கி வைப்பது? இவ்வினாவிற்கு அறிஞர் கண்ட விடைகளுள் ஒன்றை இங்கே காண்போம். அதற்கு வேண்டிய கருவிகள் ஒரு தாளும் ஓர் எழுதுகோலுமே.

பயிலும் காலத்துத் துன்பங்கள்

செவிலியர் பணிக்கு முறையான கல்வி வேண்டும் என்பதை உலகிற்கு உணர்த்தியவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். கிரிமியப் போரில் காயமுற்ற வீரர்களைக் காத்த அவர், 1860ஆம் ஆண்டில் இலண்டன் நகரத்துப் புனித தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தோற்றுவித்தார். நம் நாட்டிலும் இக்கல்வி விரைவில் வேரூன்றியது. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1871ஆம் ஆண்டில் பயிற்சி தொடங்கிற்று. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1946ஆம் ஆண்டில் செவிலியர் பட்டப் படிப்பு மலர்ந்தது. இன்று மகளிரேயன்றி ஆடவரும் இக்கல்வியைப் பயில்கின்றனர்.

பிற கல்லூரிகளில் பயிலும் மாணவர் பாடத்தில் தவறு செய்தால் மதிப்பெண் குறையும், அவ்வளவே. செவிலியர் கல்வி அத்தகையதன்று. 17 அல்லது 18 வயதில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வரும் ஒருவர், சில திங்களுக்குள் நோயாளியின் படுக்கை அருகே நிற்க வேண்டியவராகின்றார். மருந்தின் அளவு சிறிது மாறினாலும் ஓர் உயிர் வருந்தும் என்னும் அச்சம் அவரை விட்டு நீங்குவதில்லை. பகலில் வார்டில் பணி, மாலையில் பாடம், சில நாள்களில் இரவுப் பணி, இடையிடையே தேர்வு. மூத்தோர் கடிந்துகொள்வர். நோயாளியின் உறவினர் சினந்து பேசுவர். வீட்டை விட்டு வந்து விடுதியில் தங்கியவர்க்குத் தாயின் மடியும் தொலைவில் இருக்கும்.

இவை எல்லாவற்றினும் கடுமையானது ஒன்று உண்டு. அதுவே முதன்முதலாகக் காணும் மரணம். நேற்றுத் தம்மோடு பேசிச் சிரித்தவர் இன்று அசைவற்றுக் கிடப்பதைக் காண்பதும், அவ்வுடலைத் தூய்மை செய்வதும், பிறகு கைகழுவிவிட்டு அடுத்த நோயாளிக்குப் புன்முறுவலோடு மருந்து கொடுப்பதும் எளிய செயல்களா? அழுவதற்கும் அங்கே நேரம் இல்லை. ‘செவிலியர் அழலாகாது’ என்று பலர் அறிவுரை கூறுவர். ஆனால், அழாமல் அடக்கிய கண்ணீர் எங்கே செல்லும் என்பதை அவர் கூறுவதில்லை.

இலண்டனில் நிகழ்ந்த ஓர் ஆராய்ச்சி

அடக்கப்பட்ட துயரம் என்ன ஆகும் என்பதை இசபெல் மென்சீஸ் என்னும் அறிஞர் ஆராய்ந்தார். இலண்டனில் இருந்த பெரிய பயிற்சி மருத்துவமனை ஒன்றில் செவிலியரிடையே அவர் செய்த ஆராய்ச்சி 1959-60ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது. அம்மருத்துவமனையில் பணி புரிந்த செவிலியருள் பெரும்பாலோர் பயிற்சி மாணவியர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பயிற்சியை முடிக்காமலே விலகிச் சென்றனர். விலகியவர்களுள் பலர் திறமையும் மன முதிர்ச்சியும் உடையவர்கள் என்பதை அறிந்தபோது மென்சீஸ் அம்மையாரின் கவலை மிகுந்தது.

அதற்குக் காரணம் யாது? துன்பம் தாக்காமல் இருக்கும்பொருட்டு, மருத்துவமனையே தன்னை அறியாமல் சில பழக்கங்களை வளர்த்துக்கொண்டிருந்தது என்று அவர் கண்டார். நோயாளியைப் பெயரால் குறியாமல், படுக்கை எண்ணாலும் நோயுற்ற உறுப்பாலும் குறிப்பிட்டனர். ஒரு மாணவி ஒரு நோயாளியை முழுவதும் பேணுவதில்லை. பல நோயாளிகளுக்கு ஒரே வகையான சிறு பணியைச் செய்துவிட்டு அகல்வாள். நோயாளியோடு பழக்கம் ஏற்படும் முன்பே அவள் வேறு வார்டிற்கு மாற்றப்படுவாள். நன்கு உறங்குகின்ற நோயாளிகளையும் முகம் கழுவுவதற்காக விடியற்காலையில் எழுப்புவர்; நடைமுறை அவ்வாறு இருந்தது. மனம் நொந்து நிற்கும் மாணவியைத் தேற்றுவதற்கு மாறாக, ‘திடமாக இரு’ என்று சொல்லி அனுப்புவர்.

இவை யாவும் வேலிகள் போன்றவை. துன்பம் உள்ளே வாராமல் தடுக்க இட்ட வேலிகள் அன்பும் வெளியே செல்லாமல் தடுத்துவிட்டன. மாணவியரின் அச்சம் குறைந்ததா? இல்லை. அஃது உள்ளேயே தங்கியது. நோயாளியின் நலம் பெற்ற முகத்தைக் கண்டு மகிழும் வாய்ப்புத்தான் குறைந்தது. இவ்வாராய்ச்சி நமக்குக் கற்பிப்பது ஒன்று. துன்பத்தைக் காணாததுபோல் இருப்பதால் அது மறைந்துவிடாது. உணர்ச்சி அற்றுப் போவது மன வலிமையும் அன்று. துன்பத்தை நேரே நோக்கி, அதற்கு ஒரு பெயரிட்டு, அதன் காரணத்தை அறிந்து, பிறகு அதனை ஓரிடத்தில் வைத்துவிட்டுப் பணிக்குத் திரும்புவதே வலிமை.

நான்கு நாள் எழுத்து

துன்பத்தை நேரே நோக்குவதற்கு எழுத்து துணை செய்யுமா? அமெரிக்க உளநூல் அறிஞர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்பவர் இவ்வினாவை எழுப்பினார். டெக்சாஸ் மாநிலத்து டல்லாஸ் நகரில் உள்ள தென் மெதடிஸ்டுப் பல்கலைக்கழகத்தில் அவர் அப்போது பணியாற்றி வந்தார். தம் மாணவி சாண்ட்ரா பீல் என்பவரோடு சேர்ந்து அவர் செய்த சோதனை 1986ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. சோதனை மிக எளியது. நல்ல உடல்நலத்தோடு இருந்த 46 மாணவர்களை அவர்கள் அழைத்தனர். நாளொன்றுக்கு 15 நிமிடமாக, தொடர்ந்து 4 நாள் தனியறையில் அமர்ந்து எழுதுமாறு வேண்டினர்.

மாணவர் நான்கு குழுவினராகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினர் தாம் தங்கும் அறை, அணியும் காலணி போன்ற சிறு செய்திகளை வருணித்து எழுதினர். மற்ற மூன்று குழுவினரும் தம் வாழ்வில் நேர்ந்த பெருந்துன்பத்தைப் பற்றி எழுதினர். ஆனால், எழுதிய முறையில் வேறுபாடு இருந்தது. ஒரு குழுவினர் நிகழ்ச்சியை மட்டும் எழுதினர். ஒரு குழுவினர் உணர்ச்சியை மட்டும் எழுதினர். எஞ்சிய குழுவினர் நிகழ்ந்ததையும் அதனால் தாம் உணர்ந்ததையும் சேர்த்து எழுதினர்.

எழுதி முடித்தவுடன் இக்கடைசிக் குழுவினர் மகிழ்ந்தார்களா? இல்லை. அவர்கள் உள்ளம் கனத்தது. இரத்த அழுத்தமும் அப்போது சற்று உயர்ந்தது. பழைய புண்ணைத் தொட்டால் வலிக்கத்தானே செய்யும்? ஆனால், பின்வந்த 6 திங்களில் நிகழ்ந்தது வியப்புக்குரியது. நிகழ்ச்சியையும் உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள், சிறு செய்திகளை எழுதியவர்களைக் காட்டிலும் குறைந்த முறையே பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தை நாடினர். உணர்ச்சி இல்லாமல் நிகழ்ச்சியை மட்டும் எழுதியோர்க்கு அத்தகைய பயன் கிட்டவில்லை.

இதனைக் கண்ட அறிஞர் பலரும் சோதனையை விரிவுபடுத்தினர். 1988ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சியில் 50 மாணவர் கலந்துகொண்டனர். துன்பத்தை எழுதியவர்களின் இரத்தத்தில் நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள் மற்றவர்க்கு இருந்ததைவிட ஊக்கமாகச் செயற்பட்டன. 1999ஆம் ஆண்டில் ஆஸ்துமா நோயும் முடக்குவாதமும் உடையவர்களிடம் இம்முறை சோதிக்கப்பட்டது. 3 நாள் எழுதியவர்களை 4 திங்களுக்குப் பின் ஆராய்ந்தபோது, 100க்கு 47 பேர் குறிப்பிடத்தக்க அளவு நலம் பெற்றிருந்தனர். சிறு செய்திகளை எழுதியவர்களுள் அவ்வாறு நலம் பெற்றவர் 100க்கு 24 பேரே ஆவர். இவர்கள் வழக்கமான மருந்தை நிறுத்தவில்லை என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். எழுத்து மருந்துக்குத் துணையாயிற்றேயன்றி மருந்தின் இடத்தைக் கவர்ந்துகொள்ளவில்லை.

மருத்துவமனைப் பணியாளர்க்கும் இம்முறை கைகொடுத்தது. 2020ஆம் ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்று உலகை வாட்டியபோது, முதலில் பெருந்துன்பமுற்ற நாடுகளுள் ஒன்று இத்தாலி. அந்நாட்டு மருத்துவப் பணியாளர் சிலர் தம் மனவேதனையை இம்முறையில் எழுதினர். உணர்ச்சி கலவாத செய்திகளை எழுதிய தம் தோழரைவிட, அவர்களுடைய மனத்துயரம் தணிந்தது என்று ஆராய்ந்தோர் அறிவித்தனர்.

எழுத்து எவ்வாறு உதவுகின்றது?

வெள்ளைத் தாளில் சில வரி எழுதுவதால் மனம் எவ்வாறு ஆறும்? இதற்கு அறிஞர் கூறும் காரணங்கள் சில.

முதலாவது, அடக்கி வைத்தலே ஓர் உழைப்பு. நீர் நிறைந்த குடத்தைக் கையில் ஏந்தியவர் ஒரு கணம் அதன் பாரத்தை உணரார். ஒரு நாள் முழுவதும் ஏந்தினால் கை சோர்ந்துவிடும். அதுபோலவே ஓர் எண்ணத்தை வெளியே விடாமல் காப்பதும் உடலையும் உள்ளத்தையும் களைப்படையச் செய்கின்றது. எழுதும்போது குடம் சற்று நேரம் தரையில் இறங்குகின்றது.

இரண்டாவது, உருவமற்ற துன்பத்திற்கு எழுத்து உருவம் கொடுக்கின்றது. மனத்தில் எழும் எண்ணங்கள் ஒரே நேரத்தில் பல திசைகளிலிருந்து வரும். ஒன்றை ஒன்று தள்ளும். வந்ததே மீண்டும் வரும். தாளில் அவ்வாறு வர இயலாது. ஒரு சொல்லுக்குப் பின்தான் அடுத்த சொல் வர வேண்டும். ஒரு வாக்கியம் முடிந்த பின்பே அடுத்தது தொடங்க வேண்டும். ஆகவே, கலைந்து கிடந்த எண்ணங்கள் வரிசையில் வந்து நிற்கின்றன. முதலும் நடுவும் முடிவும் உடைய நிகழ்ச்சியாகத் துன்பம் மாறுகின்றது. முடிவு உடையதை மனம் மறக்காவிட்டாலும் ஒரு புறமாக வைக்கக் கற்றுக்கொள்கின்றது.

மூன்றாவது, எழுத்து காரணத்தைத் தேடச் செய்கின்றது. பலர் எழுதிய தாள்களைப் பென்னிபேக்கரும் அவருடைய தோழரும் சொல் சொல்லாக எண்ணி ஆராய்ந்தனர். ‘ஏனெனில்’, ‘ஆகையால்’, ‘இப்போது உணர்கிறேன்’ என்பன போன்ற சொற்கள் முதல் நாளினும் கடைசி நாளில் மிகுந்திருந்தவர்களே மிகுந்த பயன் பெற்றனர். நாள்தோறும் ஒரே புலம்பலைத் திரும்ப எழுதியவர்க்குப் பயன் குறைந்தது. எனவே, கொட்டித் தீர்ப்பது மட்டும் போதாது. கொட்டியதைப் பார்த்துத் தெளிதலும் வேண்டும்.

போர்க்களத்துச் செவிலி

ஆராய்ச்சி அறிஞர் சொல்லும் முன்னரே இவ்வுண்மையைத் தம் வாழ்வில் கண்டவர் சிலர். வீரா பிரிட்டன் என்னும் ஆங்கில நங்கை அவர்களுள் ஒருவர். முதல் உலகப் போர் தொடங்கிய சில திங்களுக்குள் அவர் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து பயின்றார். 1915ஆம் ஆண்டில் படிப்பை நிறுத்திவிட்டுத் தொண்டர் படையில் சேர்ந்து செவிலி ஆனார். இலண்டனிலும், மால்டாத் தீவிலும், பிரான்சு நாட்டிலும் காயமுற்ற வீரர்களுக்குப் பணி புரிந்தார். பிரான்சில் இருந்தபோது பகைநாட்டினரான ஜெர்மானிய வீரர்களுக்கும் மருந்திட்டார்.

1915ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் அவரை மணக்கவிருந்த இளைஞர் போரில் உயிர் நீத்தார். அடுத்து நண்பர் இருவர் மறைந்தனர். 1918ஆம் ஆண்டில் உடன்பிறந்த ஒரே தம்பியும் இத்தாலியப் போர்முனையில் மாண்டார். இத்துயரங்களுக்கிடையே அவர் போரின் பெரும்பகுதியில் நாட்குறிப்பு எழுதி வந்தார். கடிதங்களையும் போற்றி வைத்தார். அவற்றைக் கொண்டு பல ஆண்டு முயன்று அவர் எழுதிய தன்வரலாற்று நூல் 1933ஆம் ஆண்டில் வெளிவந்தது. ‘இளமையின் சான்று’ என்னும் பொருளுடைய தலைப்பைக் கொண்ட அந்நூல் இன்றும் படிக்கப்படுகின்றது. இழந்தவர் எவரையும் எழுத்து அவருக்கு மீட்டுத் தரவில்லை. ஆயினும், வீணாகப் போயிற்றோ என்று தோன்றிய துன்பத்திற்கு அது பொருள் தந்தது. போரை வெறுத்து அமைதிக்காக உழைக்கும் உறுதியையும் அவர் பெற்றார்.

எழுதும் முறை

செவிலியர் கல்வி பயிலும் எல்லாரும் நூலாசிரியர் ஆக வேண்டியதில்லை. இங்கே சொல்லப்படும் எழுத்து பிறர் படிப்பதற்காக எழுதப்படுவதன்று. அதனை மனந்திறந்த எழுத்து என்று கூறலாம். அதன் முறைகள் எளியவை.

ஒருவர் தொந்தரவு செய்யாத இடத்தில், 15 அல்லது 20 நிமிடம் எழுத வேண்டும். தொடர்ந்து 3 அல்லது 4 நாள் எழுதினால் போதும். ஆண்டு முழுவதும் எழுத வேண்டுவதில்லை. மனத்தை உறுத்தும் ஒரு நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுத்து, நிகழ்ந்தது யாது, அப்போது தோன்றிய உணர்ச்சி யாது, இப்போது அதைப்பற்றி நினைப்பது யாது என்று எழுதிக்கொண்டே செல்ல வேண்டும். எழுத்துப் பிழையைப் பற்றியும் அழகிய நடையைப் பற்றியும் கவலைப்பட வேண்டா. வீட்டில் பேசும் மொழியிலேயே எழுதலாம். எழுத ஒன்றும் தோன்றாவிடில் எழுதியதையே திரும்ப எழுதலாம். எழுதுகோல் மட்டும் நிற்கலாகாது. முடிந்தபின் தாளைப் பூட்டி வைக்கலாம், கிழித்தும் எறியலாம். பயன் தாளில் இல்லை. எழுதிய செயலில் உள்ளது.

செவிலியர் கல்லூரிகளில் மாணவர் தம் பணியனுபவங்களைச் சிந்தித்து எழுதும் குறிப்பேடுகளும் உண்டு. ஆசிரியர் அவற்றைப் படித்துத் திருத்துவார்; மதிப்பெண்ணும் இடுவார். அவை கல்விக்கு இன்றியமையாதவை. ஆனால், பிறர் படிப்பார் என்று அறிந்தபின் ஒருவர் தம் அச்சத்தையும் நாணத்தையும் முழுவதும் எழுதுவாரா? எழுதார். ஆதலால், இவ்விரண்டு எழுத்தையும் ஒன்றாக எண்ணுதல் கூடாது. ஒன்று பிறர் காணும் முற்றம். மற்றொன்று பூட்டிய உள்ளறை.

இங்கே ஒரு கடமையும் உண்டு. நோயாளியின் இரகசியத்தைக் காப்பது செவிலியரின் அறம். எனவே, தமக்காக எழுதும் தாளிலும் நோயாளியின் பெயர், படுக்கை எண், ஊர் முதலியவற்றை எழுதலாகாது. அதனைப் பிறர்க்கு அனுப்பவும் கூடாது. எழுதப்பட வேண்டியது நோயாளியின் வரலாறு அன்று, எழுதுபவரின் உள்ளம்.

ஓர் எடுத்துக்காட்டு

முதலாண்டு மாணவி ஒருத்தியை நினைத்துக்கொள்வோம். இதய நோயால் படுத்திருந்த முதியவர் ஒருவர், “அம்மா, சற்று நேரம் இங்கேயே இரு” என்று அவளிடம் வேண்டினார். “இதோ வருகிறேன், தாத்தா” என்று கூறிவிட்டு, அவள் அடுத்த நோயாளியிடம் விரைந்தாள். அரை மணி கழித்துத் திரும்பியபோது முதியவரின் படுக்கையைச் சுற்றித் திரை இழுக்கப்பட்டிருந்தது. அவர் உயிர் பிரிந்திருந்தது. அன்று முதல் அவளுக்கு உறக்கம் இல்லை. வார்டின் வாயிலைக் கண்டாலே கால் தயங்கிற்று. படிப்பை விட்டு வீட்டிற்குச் சென்றுவிடலாமா என்றும் எண்ணினாள்.

முதல் நாள் எழுதியபோது அவள் தாளில் அழுகையே நிறைந்திருந்தது. ‘நான் கொடியவள், ஒரு முதியவரின் கடைசி வேண்டுகோளைத் தட்டினேன்’ என்று எழுதினாள். இரண்டாம் நாள் சினம் வந்தது. இத்தனை நோயாளிகளுக்கு இத்தனை குறைந்த செவிலியரை வைத்தது யார் குற்றம் என்று கேட்டாள். மூன்றாம் நாள் நிகழ்ச்சியை நிதானமாக வரிசைப்படுத்தினாள். அடுத்த படுக்கையில் இருந்தவருக்கு நரம்பு வழியாக ஏறிக்கொண்டிருந்த மருந்து தீரும் நேரம் அது. அதனை மாற்றவே தான் ஓடியது நினைவிற்கு வந்தது. ‘நான் அவரைப் புறக்கணித்துச் செல்லவில்லை, மற்றோர் உயிரைக் காக்கச் சென்றேன்’ என்று எழுதினாள். நான்காம் நாள் எழுதியது சில வரிகளே. ‘அவர் என்னிடம் கேட்டது மருந்தை அன்று, துணையை. இனி, இதோ வருகிறேன் என்று சொல்லும்போது எப்போது வருவேன் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். என்னால் இயலாவிட்டால் வேறொருவரை அவர் அருகே இருக்கச் செய்வேன்’ என்று முடித்தாள்.

துயரம் நீங்கிற்றா? முற்றிலும் நீங்கவில்லை. ஆனால், அவளைக் கொடியவள் என்று கூறிய குரல் தணிந்தது. குற்றவுணர்ச்சியாக இருந்தது ஒரு பாடமாக மாறிற்று. இனி அவள் கவனிக்கப்போகும் நோயாளிகளுக்கு அப்பாடத்தினால் நன்மை விளையும்.

எல்லையும் எச்சரிக்கையும்

எந்த மருந்துக்கும் அளவு உண்டு. மனந்திறந்த எழுத்துக்கும் உண்டு. 2006ஆம் ஆண்டில் ஓர் அறிஞர் 146 ஆராய்ச்சிகளைத் தொகுத்து நோக்கினார். சராசரியாகப் பார்க்கும்போது இம்முறையால் நன்மை உண்டு; ஆனால், அந்நன்மை சிறியது என்று அவர் கண்டார். சிலர்க்குப் பெரும்பயன் விளையும்; சிலர்க்கு ஒன்றும் விளையாது. நான்கு நாள் எழுதியும் பயனில்லையெனில், தம்மிடம் குறை உள்ளதாக எவரும் எண்ண வேண்டா. வேறு வழியை நாடுவதே அறிவுடைமை.

துன்பம் நேர்ந்த அன்றே எழுதத் தொடங்குவதும் பலர்க்கு ஏற்றதன்று. புதிய காயத்தைக் கிளறலாகாது. சில நாள் ஆறவிட்டுத் தொடங்கலாம். எழுதும்போது தாங்கொணாத கலக்கம் தோன்றினால் உடனே நிறுத்திவிட வேண்டும் என்று பென்னிபேக்கரே அறிவுறுத்தியுள்ளார். வாரக்கணக்கில் உறக்கமின்மை நீடித்தாலும், உண்ண விருப்பம் இல்லாமற் போனாலும், வாழ்வே வேண்டா என்னும் எண்ணம் தலைகாட்டினாலும், தாளோடு தனித்திருத்தல் தகாது. ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ மருத்துவரிடமோ உடனே சொல்ல வேண்டும். மனநோய்க்கு மருத்துவம் பெறுவது இழிவன்று. காய்ச்சலுக்கு மருந்து உண்பது இழிவாகுமா?

மற்றொன்றையும் மறத்தல் கூடாது. நெடுநேரப் பணி, போதாத உறக்கம், குறைவான பணியாளர், கடுஞ்சொல் ஆகியவற்றால் வரும் துன்பத்தை எழுதுகோல் ஒன்றே தீர்த்துவிடாது. அவற்றைத் திருத்துவது மருத்துவமனையை நடத்துவோரின் கடமை. மாணவரை எழுதச் சொல்லிவிட்டு, அவர்மேல் சுமையை ஏற்றிக்கொண்டே போவது நியாயம் ஆகாது. மென்சீஸ் அம்மையார் நெடுநாள் முன்னரே காட்டிய உண்மை இதுவே. பணியாளரின் மனத்தைப் பேணும் மருத்துவமனையே நோயாளியின் உடலையும் செவ்வனே பேணும்.

நமக்குரிய பாடம்

செவிலியரைப் பற்றிய இச்செய்தி பள்ளியில் பயிலும் நமக்கு எதற்கு என்று சிலர் எண்ணலாம். நமக்கும் அச்சம் உண்டு. நமக்கும் இழப்பு உண்டு. தேர்வு அறைக்குள் நுழையும்போது படித்தது யாவும் மறந்ததுபோல் தோன்றுவதில்லையா? சிகாகோ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் இருவர் 2011ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். தேர்வு தொடங்கும் முன் 10 நிமிடம் தம் அச்சத்தைத் தாளில் எழுதிய மாணவர், எழுதாதவரைவிட நன்றாக விடையளித்தனர். சிறப்பாக, தேர்வென்றால் மிகவும் நடுங்குவோர்க்கே அப்பயன் மிகுந்திருந்தது. மனத்தில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த கவலை தாளுக்கு இறங்கியதும், கற்றவை வந்தமர இடம் கிடைத்தது.

மாணவர்களே! உங்களுள் சிலர் நாளை செவிலியர் ஆவீர்கள். இரவு மூன்று மணிக்கு ஒரு நோயாளியின் கையைப் பற்றிக்கொண்டு விழித்திருக்கும் பேறு உங்களுக்கு வாய்க்கும். அப்போது உங்கள் உள்ளம் கலங்கினால் நாணாதீர்கள். கலங்குவது அன்பின் அடையாளம். கலக்கத்தை மறைத்து மறைத்துக் கல்லாகிவிடாதீர்கள். நம்பத் தகுந்தவரிடம் பேசுங்கள். பேச இயலாததை எழுதுங்கள். மற்றவர்கள் மருத்துவமனைக்குச் செல்ல நேரும்போது, சுறுசுறுப்பாக நடமாடும் வெள்ளுடையின் உள்ளே நம்மைப் போன்ற ஓர் உள்ளம் துடித்துக்கொண்டிருப்பதை நினையுங்கள். ஓர் இன்சொல் கூறுங்கள். பிறர் நோயைத் தம் நோய்போல் எண்ணுபவரின் மனத்தைப் பேணுவதும் அறமே ஆகும்.